ஃப்ரோசன் ஃப்ரைஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மேடம், கடை ஃப்ரீசரில் விற்கும் ஃப்ரெஞ்சு ஃப்ரைஸ் வெறும் உருளைக்கிழங்குதானே? நாம் வீட்டில் வெட்டிப் பொரிப்பதும் அதுவும் ஒன்றுதானே?

பதில்: இல்லைங்க. தோல் சீவி, நறுக்கி, வெந்நீரில் லேசாக வேக வைத்து, ஈரத்தை உலர்த்தி, எண்ணெயில் கொஞ்ச நேரம் அரைப்பதமாகப் பொரித்த பிறகே உறைய வைக்கிறார்கள். ஆக, உங்கள் அடுப்புக்கு வரும் முன்பே அதில் எண்ணெய் ஏறிவிட்டது. 100 கிராம் அவித்த கிழங்கில் 87 கலோரிதான், கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. உறைந்த ஃப்ரைஸில் சுமார் 150 கலோரி, 4, 5 கிராம் கொழுப்பு. அதைக் கடாயில் முக்கிப் பொரித்தால் தண்ணீர் வற்றி எண்ணெய் ஏறி, 100 கிராமுக்கு 300 கலோரியைத் தொடும். கொழுப்பும் 15 கிராம் பக்கம் போகும். பாக்கெட்டில் உள்ள கணக்கு பெரும்பாலும் பொரிப்பதற்கு முந்தையது. தயவுசெய்து அதை நம்பி அளவு வைக்காதீர்கள்.

கேள்வி: அப்போ ஏர் ஃப்ரையர்?

பதில்: தாராளமாக. ஏற்கெனவே ஏறிய எண்ணெய் போகாது, புதிதாக ஏறாது. அதுவே பெரிய லாபம்.

கேள்வி: "ஐஸில் கிடந்ததில் என்ன சத்து இருக்கும்?" என்கிறார் என் மாமியார்.

பதில்: உறைய வைப்பதால் சத்து அதிகம் போவதில்லைம்மா. வைட்டமின் சி குறைவது வெந்நீரிலும் எண்ணெய்ச் சூட்டிலும்தான். பொட்டாசியம் பெருமளவு தங்கிவிடும், 100 கிராமில் 400 மில்லிகிராம் அளவுக்கு. நார்ச்சத்தும் 2 கிராம் உண்டு.

கேள்வி: பாக்கெட்டில் ஐஎன்எஸ் 450, டெக்ஸ்ட்ரோஸ் என்று போட்டிருக்கிறதே, பயப்பட வேண்டுமா?

பதில்: ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கும் பொருள்களுக்குத் தரும் எண். 450 என்றால் பாஸ்பேட் உப்பு. வெந்த கிழங்கு சாம்பல் நிறமாகாமல் காக்கும். டெக்ஸ்ட்ரோஸ் சீரான பொன்னிறத்துக்காகச் சேர்க்கும் சர்க்கரை. பொதுவாகப் பயமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பாஸ்பேட், பொட்டாசியம் இரண்டுக்காகவும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: என் பையனுக்கு நன்றாகச் சிவந்து மொறுமொறுவென்று இருந்தால்தான் பிடிக்கும்.

பதில்: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 120 டிகிரிக்கு மேல் கிழங்கின் சர்க்கரையும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்து அக்ரிலமைடு உண்டாகிறது. விலங்குச் சோதனைகளில் புற்றுநோய் வரவழைத்த பொருள் அது. உணவில் இது இருப்பதை 2002இல் ஸ்வீடன்காரர்கள் வெளியிட்டபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. எண்ணெய் 175 டிகிரியைத் தாண்ட வேண்டாம். இளம் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள், கருகியதை ஒதுக்குங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய் இருக்கிறது. தொடவே கூடாதா?

பதில்: எப்போதாவது ஒரு கைப்பிடி சாப்பிடலாம். மசாலா தடவாத, தடிமனாக வெட்டிய ரகம் வாங்குங்கள். மெல்லியதைவிட எண்ணெய் குறைவாகக் குடிக்கும். கூடவே முட்டையோ சுண்டலோ வைத்துக்கொண்டு, அந்த வேளை சோற்றைக் குறையுங்கள்.