ரெண்டு நோட்டு வேண்டாம்: வேலையிடக் கேள்வி-பதில்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். அடுத்த மாதம் பையர் ஆடிட், அதாவது ஆர்டர் கொடுக்கும் கம்பெனியின் சோதனை. ஒன்றரை ஷிப்ட் (12 மணி நேரம்) ஓட்டியதை மறைத்து, எட்டு மணி நேர வேலை போலத் தனி அட்டெண்டன்ஸ் எழுதச் சொல்கிறார் முதலாளி. என்ன செய்வது?

பதில்: எழுதாதீர்கள். நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த நோட்டு ஆடிட்டில் நிற்காது. ஆடிட்டர் உடைந்த ஊசிப் பதிவேட்டைக் கேட்பார். ஊசி உடைந்த தேதி, நேரம், மெஷின் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். அட்டெண்டன்ஸில் லீவு என்று காட்டிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்திருந்தால் கதை முடிந்தது. செக்கிங் ரிப்போர்ட்டும் கேட் ரிஜிஸ்டரும் இருக்கின்றன. டெய்லர்களைத் தனியாகக் கூப்பிட்டும் பேசுவார்கள். கூடுதல் நேரம் தெரியவந்தால் பெரும்பாலும் திருத்த அவகாசம் தருவார்கள். பொய்க் கணக்கு பிடிபட்டால் ஆர்டரே ஆட்டம் காணும்.

முதலில் கடந்த 3 மாத நிஜ நேரத்தை செக்‌ஷன் வாரியாகக் கூட்டுங்கள். சாயப்பட்டறையில் இருந்து துணி தாமதமாக வந்து, முதல் வாரம் பவர் டேபிள் (தையல் பிரிவு) சும்மா நின்று, கடைசி வாரம் அயர்னிங்கும் பேக்கிங்கும் ராத்திரி வரை ஓடியிருக்கும். வேர் அங்கேதான். முடியாத டெலிவரி தேதிக்கு ஒத்துக்கொண்டதை அட்டெண்டன்ஸில் சரிசெய்ய முடியாது.

அடுத்து சம்பளம். ஷிப்டுக்கு 480 ரூபாய் என்றால் மணிக்கு 60. நம் ஊர் வழக்கப்படி கூடுதல் 4 மணிக்கு அரை ஷிப்ட், அதாவது 240 ரூபாய் போடுகிறார்கள். வாரம் 48 மணி தாண்டிய நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம், அதாவது 480. ஆளுக்கு, நாளுக்கு 240 ரூபாய் பாக்கி நிற்கிறது. இந்தத் தொகை, அதைத் தரும் தேதி, இனி ஆர்டர் எடுக்கும் அளவு மூன்றையும் ஒரே தாளில் எழுதி முதலாளியிடம் கொடுங்கள். “ஓவர்டைமை ஒத்துக்கிட்டா டைம் கேக்கலாமுங்ணா, பொய் நோட்டு மாட்டுச்சுன்னா கேக்க வாயில்லீங்” என்று சொல்லிப் பாருங்கள். தொழிலாளர்களுக்குப் பொய் சொல்லப் பயிற்சி கொடுக்கும் வேலையை மட்டும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்துக்குக் கண்காணிப்பாளராக வந்திருக்கிறேன். என் பிரிவில் புரோக்கர் மூலம் மாமூல் ஓடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாமதத்தில் இருந்து. எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று வாரம் ஒருமுறை பட்டியல் எடுங்கள். வரிசை மாறி முன்னே போன கோப்புக்குக் காரணம் எழுதி வாங்குங்கள். குறை இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்க வேண்டும். தவணை முறையில் குறை கண்டுபிடிப்பதுதான் புரோக்கருக்குச் சோறு போடுகிறது. “மேல் மேசைக்கும் பங்கு” என்று உங்கள் பெயரையே விற்றிருப்பார்கள், கவனம். லஞ்சம் கேட்டது தெரிந்தால் வாயால் கண்டித்து விடாமல், மேலதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். இதை லஞ்ச ஒழிப்புத் துறையின் தொலைபேசி எண்ணோடு வாசலில் ஒட்டுங்கள்.

கேள்வி: கோவையில் 14 பேர் வேலை செய்யும் எங்கள் பம்ப் கம்பெனிக்குப் பாலியல் புகார் கமிட்டி தேவையா?

பதில்: கட்டாயம். 10 பேர் இருந்தாலே வேண்டும். இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். தலைவராக உங்களிடம் பணிபுரியும் மூத்த பெண், வெளியாள் ஒருவர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். கம்பெனிப் பக்கமே வராத முதலாளி வீட்டம்மா பெயரைத் தலைவர் என்று எழுதி வைப்பது இங்கே சகஜம், அது செல்லாது. சம்பவம் நடந்ததில் இருந்து புகாருக்கு 3 மாத அவகாசம், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். புகார் முதலாளி மேலேயே என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர் கமிட்டிக்குப் போக வேண்டும்.