டே கெயார் காசு யாருடைய சம்பளத்திலிருந்து போகிறது?

கேள்வி: நான் கிளிநொச்சியில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன், மாதச் சம்பளம் 170,000 ரூபாய். கணவர் தனியார் நிறுவனத்தில் பொறியியலாளர், 260,000. இரண்டரை வயது மகளை டே கெயாரில் விடுகிறோம், மாதம் 15,000. டொரொன்டோவில் இருக்கும் அண்ணா அந்தச் செலவுக்கு வரிக்கழிவு எடுக்கிறாராம். எங்களுக்கும் அப்படி ஏதாவது உண்டா? கணவரின் வைப்புப் பணத்தை என் பெயருக்கு மாற்றினால் வரி குறையும் என்கிறார்கள், சரியா?

பதில்: அண்ணா சொல்வது உண்மைதான். கனடாவில் 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 8,000 டொலர் வரை பராமரிப்புச் செலவை வருமானத்திலிருந்து கழிக்கலாம். பெரும்பாலும் கணவன் மனைவி இருவரில் குறைவாக உழைப்பவரே அதைக் கழிக்க வேண்டும். பற்றுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். "அம்மாவைக் கூப்பிட்டுப் பிள்ளையைப் பார்க்க வைத்து, அவவுக்குக் காசு கொடுத்துக் கழிக்கலாம்" என்று அவர் நினைத்தால் மட்டும் தடுத்துவிடுங்கள். பராமரிப்பவர் கனடாவில் வதிபவராக இருக்க வேண்டும். விசாவில் போய்ச் சில மாதம் நிற்கும் அம்மம்மா அதற்குள் வரமாட்டார்.

இலங்கைச் சட்டத்தில் டே கெயார் செலவுக்குக் கழிவே இல்லை. முன்பு பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், வீட்டுக்கடன் வட்டி போன்றவற்றுக்கு ஒரு செலவு நிவாரணம் இருந்தது. அது 2023 ஜனவரியோடு போய்விட்டது. இன்னமும் சிலர் கொப்பித் தாளில் எழுதி, முத்திரை குத்திய டே கெயார் ரசீதுகளை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். ஒவ்வொரு மாதமும் கவனமாகச் சேர்த்து வைத்த ரசீதுகள் அவை. இவற்றால் பயனில்லை என்று சொல்ல எனக்கு மனம் கஷ்டமாகத்தான் இருக்கும். கடை வைத்திருப்பவர்கள் அதை வியாபாரச் செலவாக எழுதவும் முடியாது. வீட்டுச் செலவு வீட்டுச் செலவுதான். வேலைக்குப் போகும் தாய்மார் இத்தனை பேர் இருக்கும் நாட்டில் இது ஒரு குறை என்பது என் கருத்து.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 2025 ஏப்ரல் முதல் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 18 இலட்சம் வரை வரியில்லை. இது குடும்பத்துக்கு அல்ல, ஆளுக்கு 18 இலட்சம். அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம், பிறகு 24, 30, 36 என்று ஏறும். கைக்கு வரும் காசை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். சேமலாப நிதிக்குக் கழிபடும் முன்பிருந்த மொத்தச் சம்பளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் ஆண்டுச் சம்பளம் 20 இலட்சத்து 40 ஆயிரம். 18 இலட்சம் போனால் மிச்சம் 240,000. அதற்கு 6 வீதம் 14,400 ரூபாய், மாதம் 1,200. கணவருக்கு 31 இலட்சத்து 20 ஆயிரம். வரிக்குரியது 13 இலட்சத்து 20 ஆயிரம், வரி 117,600, மாதம் 9,800. சம்பளச் சீட்டில் ஏபிஐடி, அதாவது சம்பளத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி, என்று ஒரு பதிவு இருக்குமே, அதில் ஏறத்தாழ இந்தத் தொகைகளே இருக்க வேண்டும். ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இப்போது கவனியுங்கள். நீங்கள் கூடுதலாக உழைக்கும் ஒரு ரூபாய்க்கு 6 வீதம், அவருக்கு 18 வீதம். 10 இலட்சம் வைப்பில் கிடந்து 8 வீத வட்டியில் 80,000 வந்தது என்று வையுங்கள். அது அவருடைய பணமானால் வரி 14,400. உங்களுடையதானால் 4,800. இரண்டிலும் வங்கி 10 வீதம், அதாவது 8,000, முதலிலேயே பிடித்துவிடும். அவர் மேலும் 6,400 கட்ட வேண்டியிருக்கும், உங்களுக்கோ 3,200 திரும்ப வரவேண்டியிருக்கும்.

அதற்காக அவருடைய வைப்பை உடைத்து உங்கள் பெயரில் போடாதீர்கள். வரியைக் குறைக்கவென்று குடும்பத்துக்குள் வருமானத்தைப் பிரிப்பதை நிராகரிக்க உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. நேர்மையான வழி வேறு இருக்கிறது. டே கெயார், மளிகை, கரண்ட் பில் எல்லாம் அவருடைய சம்பளத்திலிருந்து போகட்டும். உங்கள் சம்பளத்தில் மிஞ்சுவதை உங்கள் பெயரில் தனிக் கணக்கில் சேருங்கள். அது நீங்கள் உழைத்த காசு, அதன் வட்டியும் உங்களுடையது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பிள்ளையின் செலவு தாயின் சம்பளத்தில் கரைகிறது, சேமிப்பு தகப்பன் பெயரில் ஏறுகிறது. வரியை விடுங்கள், ஒரு பெண்ணின் பெயரில் நாலு காசு இருப்பது தனியே ஒரு பலம்.

உங்கள் அம்மா அப்பாவுக்கு வைப்பு இருந்தால் அதையும் பாருங்கள். ஓய்வூதியம், வட்டி எல்லாம் சேர்த்து ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள், டின் நம்பரோடு (வரி செலுத்துநர் அடையாள இலக்கம்) வங்கியில் ஒரு சுயபிரகடனம் கொடுத்தால் அந்த 10 வீதம் பிடிக்கப்படாது. வங்கியில் இருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்கும், வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் நான் சந்திக்கும் பலருக்குத் தெரியாது.

சொந்த வீடு இருந்து, கூரையில் சோலார் போட்டுத் தேசிய மின்வலையில் இணைத்தால் ஆண்டுக்கு 6 இலட்சம் வரை கழிவு உண்டு. போடுவதானால் கணவர் தன் காசில் போடட்டும். அவருடைய 13 இலட்சத்து 20 ஆயிரத்திலிருந்து 6 இலட்சம் போனால், அந்த ஆண்டின் வரி 117,600இலிருந்து 43,200ஆகக் குறையும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மகளுக்காக இந்த ஆண்டில் சம்பளமில்லாத லீவு எடுத்தீர்களா? மூன்று மாதம் எடுத்திருந்தால் ஆண்டு வருமானம் 15 இலட்சத்து 30 ஆயிரம்தான், வரியே இல்லை. ஆனால் வேலை செய்த ஒன்பது மாதமும் 1,200 வீதம் 10,800 பிடித்திருப்பார்கள். அது தானாகத் திரும்பி வராது. மார்ச் 31இல் வரி ஆண்டு முடிந்ததும், உங்கள் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் ரி-10 சான்றிதழை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, நவம்பர் 30க்குள் வரி விபரத்திரட்டைத் தாக்கல் செய்து மீளக் கேளுங்கள். உங்கள் மகளின் டே கெயாருக்கு அது மூன்று கிழமைக் காசு.