கோடை இடிமழை: ராமநாதபுரம் கரையோர வாசகர்களுக்குப் பதில்கள்

பரமக்குடி, கமுதிப் பக்கம் சாயங்காலம் கொட்டித் தீர்க்கிறது. எங்களுக்குத் தூறல்கூட இல்லையே, ஏன்? (மண்டபம்)

கடற்காற்றுதான் காரணம். முற்பகலில் கிளம்பும் கடற்காற்று கரையோரத் தரையைக் குளிர்வித்துவிடும். தரை குளிர்ந்த இடத்தில் காற்று மேலே எழும்பாது, மேகமும் திரளாது. அந்தக் காற்று இருபது, முப்பது கிலோமீட்டர் உள்ளே போய் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றோடு மோதும் இடத்தில்தான் இடிமேகம் கட்டும். மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் கடல். உயரத்தில் உள்ள காற்று மேற்கிலிருந்து வீசி, உள்மாவட்டங்களில் கட்டிய மேகத்தை இரவில் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தால் உங்களுக்கும் கிடைக்கும்.

“ஓரிரு இடங்களில் மழை” என்றார்கள். எங்கள் ஊரில் பெய்யவில்லை. அறிவிப்பு பொய்தானே? (கீழக்கரை)

இல்லை. மழை பதிவாகும் நிலையங்களில் கால்வாசிக்குள் பெய்யும் என்பதே அதன் பொருள். மிச்ச ஊர்கள் காய்ந்து கிடந்தாலும் அறிவிப்பு சரிதான். பாதிக்கு மேல் என்றால் “பல இடங்களில்” என்று போடுவார்கள்.

எங்க ஊரில் எப்போது மழை? உடனே பதில் தேவை.

ஊர்ப்பெயர் எழுதவில்லை, எந்தத் தேதிக்கு என்றும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் கோடை இடிமழையை ஒரு வாரம் முன்னால் ஊர் குறித்துச் சொல்ல முடியாது. சென்னை வானிலை மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வெளியிடும் அறிவிப்பைப் பாருங்கள்.

வாட்ஸ்ஆப்பில் வந்த ரேடார் படத்தில் தொண்டி மேல் செக்கச்செவேலென்று இருந்தது. காயப்போட்ட மிளகாய் வத்தலையெல்லாம் அள்ளிவிட்டோம். ஒரு சொட்டு விழவில்லை. படத்தை இணைத்திருக்கிறேன். (தொண்டி)

நீங்கள் அனுப்பிய படத்தில் நேரம் இருக்கும் ஓரத்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள். நேரம் இல்லாத ரேடார் படம் எதற்கும் ஆகாது. இதைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கிறேன். தனி இடிமேகம் ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய ஒரு மணி நேரம். உங்கள் கைக்குப் படம் வரும்போது அந்த மேகமே கரைந்து போயிருக்கலாம். படம் நேற்றையதா, போன வருடத்ததா என்றும் தெரியாது.

நேரம் இருந்தாலும் அது பெரும்பாலும் யு.டி.சி. (உலகப் பொது நேரம்) கணக்கு. ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். 09:30 என்றிருந்தால் நமக்குப் பிற்பகல் 3 மணி. அதைக் காலை ஒன்பதரை என்று படித்துவிட்டு, மழை கடந்துவிட்டது என்று களத்தைத் திறந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது தூரம். காரைக்கால் ரேடாரிலிருந்து பாம்பன் சுமார் 200 கி.மீ. பூமி வளைந்திருப்பதால் ரேடார் அலை அங்கே வரும்போது மூன்று, நான்கு கிலோமீட்டர் உயரத்தில் போகும். அதற்குக் கீழே நடப்பது படத்தில் விழாது. மேலே தெரியும் மழையிலும் ஒரு பங்கு வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும்.

இன்னொன்று, பொய் எதிரொலி. கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன்மேல் சூடான வறண்ட காற்றும் அடுக்காக நிற்கும் நாட்களில் ரேடார் அலை கீழே வளைந்து, கடல்பரப்பிலும் எதிர்க்கரையிலும் பட்டுத் திரும்பும். பாக் நீரிணை முழுக்க மழை போலத் தெரியும். நகராமல் ஒரே இடத்தில் மினுக்கினால் அது மழை இல்லை.

வானிலைத் துறைத் தளத்தில் நீங்களே படத்தைத் திறங்கள். இருபது நிமிட இடைவெளியில் இரண்டு படம் பாருங்கள். மேகம் 10 கி.மீ. நகர்ந்திருந்தால் வேகம் மணிக்கு 30. உங்கள் ஊருக்கு இன்னும் 15 கி.மீ. இருந்தால் அரை மணி அவகாசம். அதையும் சென்னை மையத்தின் மூன்று மணி நேர அறிவிப்பையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். நேரத்தை வெட்டிவிட்டு ஃபார்வர்டு செய்கிறவர், ஒரு குடும்பத்தின் ஒரு நாள் பாட்டை வீணாக்குகிறார்.

தார்ப்பாய் போட்டு மூடியும் குண்டு மிளகாய் கறுக்கிறதே? (முதுகுளத்தூர்)

சூட்டோடு மூடியிருப்பீர்கள். வெயிலில் கிடந்த மிளகாய்ப் பழம் தார்ப்பாய்க்குள் வேர்க்கும். அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மேற்கே மேகம் கட்டும்போதே நடுவில் வரப்பு மாதிரிக் குவித்து ஆறவிடுங்கள். இடி நெருங்குவதற்கு முன் மூடுங்கள். தார்ப்பாய் குவியலைத் தாண்டி மூன்றடி வெளியே கிடக்கட்டும், ஓரத்தில் மணல் மூட்டை வையுங்கள். மழைக்குப் பத்து நிமிடம் முன்னால் காற்றுதான் முதலில் வரும், சின்னக் கல்லெல்லாம் தாங்காது. சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டுங்கள். வெயில் ஏறியதும் திறந்து பரப்புங்கள், மதியம் வரை மூடி வைக்காதீர்கள். இடிச் சத்தம் கேட்டபிறகு களத்தில் நிற்க வேண்டாம். வத்தல் நனைந்தால் நனையட்டும்.

செல்போன் மின்னலை இழுக்குமா? (கடலாடி)

இழுக்காது. அணைத்து வைத்தால் எச்சரிக்கைதான் வராமல் போகும். ‘தாமினி’ செயலி 20, 40 கி.மீ. சுற்றளவில் விழும் மின்னலைக் காட்டும். சார்ஜரில் செருகியபடி பேசாதீர்கள். ஆபத்து பொட்டலில் நிற்கும் ஒற்றைப் பனையும் அதன் அடியில் ஒதுங்குவதும்தான். மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும், தரை வழியாகவும் கால்களுக்குள் ஏறும். ரப்பர் செருப்பு காப்பாற்றாது.

விசைப்படகுத் தடைக்காலத்தில் நாட்டுப்படகில் போகிறோம். நடுக்கடலில் இடி இடித்தால்? (தேவிபட்டினம்)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாளில் இடிமழைக் காலமும் அடங்கும். மேற்கே மேகத்தின் தலை விரிந்து படர்ந்தால் அப்போதே திரும்புங்கள். மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே வினாடிகளை எண்ணி, மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் மேகம் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, மின்னல் உங்கள் மேலேயே விழலாம். வீசிய காற்று சட்டென்று நின்று மேகத்தின் பக்கமிருந்து குளிர் அடித்தால் மணிக்கு 50, 60 கி.மீ. காற்று பின்னாலேயே வரும். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், அலை உடனே செங்குத்தாக எழும். சிக்கிக்கொண்டால் பாயை இறக்கி, பாய்மரத்தையும் இரும்பையும் தொடாமல் தாழ்ந்து உட்காருங்கள்.

அக்கினி நட்சத்திரம் முடிந்தால் இடிமழை நிற்குமா? (திருவாடானை)

சம்பந்தமே இல்லை. ஜூனில் கச்சான் பலமாகும்போது நம் பக்கம் குறையும். ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை இடிமழை திரும்ப வரும்.

கோடை மழை விழுந்த உப்புப் பாத்தியை எப்படிக் காப்பாற்றுவது? (வாலிநோக்கம்)

மழைத்தண்ணீர் லேசு, கனமான உப்புத்தண்ணீருக்கு மேலே தனியாக மிதக்கும். காற்று கலக்கிவிடுவதற்குள் மேல்தண்ணீரை மட்டும் வடிக்க வேண்டும். அதனால் மேகம் கறுக்கும்போதே மடையின் மேல்பலகையை எடுத்து வையுங்கள், அது தானாக வடியும். கடைசி இடி கேட்டு அரை மணி ஆனபிறகு பாத்தியில் இறங்கி உப்புத்தண்ணீரின் டிகிரி (கெட்டித்தன்மை) பாருங்கள். 25க்குக் கீழே போயிருந்தால் உப்பு படியாது, ஏற்கெனவே படிந்த உப்பும் கரையும். தெப்பத்திலிருந்து (கெட்டியான உப்புத்தண்ணீரைத் தேக்கிவைக்கும் குளம்) கெட்டித் தண்ணீர் விட்டு ஏற்றுங்கள்.