தொட்டி மல்லிகைக்கும் பறவைச் சட்டிக்கும் கோடை நீர்

வணக்கம். தாராபுரத்தில் உங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறையே தண்ணீர் வருவதாகவும், மாலையில் ஊற்றியும் தொட்டி மல்லிகை மறுநாள் நண்பகலில் வாடிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். விடியற்காலையில் ஊற்றி, ஈரம் காய்வதற்குள் மண்ணின் மேல் தேங்காய் மஞ்சியை 2 அங்குலக் கனத்திற்குப் பரப்பி, தண்டில் மட்டும் ஒட்டாமல் விலக்கி வையுங்கள்; அரிசி கழுவிய நீரையும் வீணாக்காமல் ஊற்றலாம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்: அடியில் ஈரம் இருந்தும் இலை தொங்கினால் அது வெயிலின் வாட்டம், மாலையில் தானே நிமிரும், மேலும் ஊற்றினால் வேர் அழுகும்.

பறவைகளுக்கு ஆழமில்லாத மண்சட்டியை நிழலில் வைத்து, நடுவில் ஒரு கல்லை இடுங்கள். எங்கள் வீட்டுத் தவிட்டுக்குருவிகள் அதன்மேல் நின்றே குடிக்கின்றன. கொசு முட்டையிடும் என்பதால் பழைய நீரைத் தினமும் செடிக்கு ஊற்றிவிட்டுச் சட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். இதே வெயிலில் வீட்டு நாய் விடாமல் மூச்சிரைத்துத் தள்ளாடினால், உடலை நீரால் நனைத்து, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.