வியாபாரம் நடக்காத ஐந்து நிமிடம்: சார்ட்டில் விடுபடும் பார்கள் பற்றிய கேள்வி பதில்

போன கிழமை கல்லடியில் நாங்கள் ஒன்றுகூடியபோது ஒரு தம்பி லப்டொப்பைத் திறந்து, ஒரே வங்கியின் இரண்டு பங்குகளை மேலும் கீழுமாக வைத்த சார்ட்டைக் காட்டினார். மேலே வாக்குரிமையுள்ள பங்கு, கீழே வாக்குரிமையற்ற பங்கு. ஐந்து நிமிட விலையைக் காட்டும் ஒவ்வொரு குச்சியும் ஒரு பார். மேலே ஒரு நாளைக்கு 60 பார், கீழே 23 பார். அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிப் பொழுதுபட்டுவிட்டது. மிச்சக் கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்கான பதில்கள் இவை, ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். இங்கே சார்ட்டின் கணக்கு மட்டும்தான்.

களுவாஞ்சிக்குடி: அண்ணன், சந்தை திறந்திருக்கும் நேரத்திலேயே பார் எப்படி இல்லாமல் போகும்?

பாரை உண்டாக்குவது வியாபாரம். கொழும்புச் சந்தை காலை 9:30 முதல் பிற்பகல் 2:30 வரை. ஐந்து மணித்தியாலம் என்றால் ஐந்து நிமிடப் பாருக்கு 60 இடங்கள். ஒரு இடத்துக்குள் ஒரு பங்கேனும் கைமாறினால் முதல் விலை, உச்சம், தாழ்வு, கடைசி விலை என்று ஒரு பார் பிறக்கும். ஒன்றும் கைமாறாவிட்டால் பெரும்பாலான மென்பொருள்கள் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பாரைப் பக்கத்தில் ஒட்டி வரையும். 10:05 பாருக்குப் பக்கத்தில் 10:40 பார் இருக்கும், நடுவில் அரை மணி நேரம் போனது கண்ணுக்கே தெரியாது.

வாடைக்காற்று அடிக்கும் நாளில் வாழைச்சேனையில் வள்ளம் கடலுக்குப் போகாது என்று வையுங்கள். அன்றைக்குக் கீரி மீன் விலை என்ன? விலை இல்லை என்று சொல்லலாம். நேற்றைய விலையைச் சொல்லலாம். அந்த நாளையே கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். மென்பொருளும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்கிறது. எது என்று நாம்தான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும்.

காரைதீவு: நான் ஒரு பங்கைத் தனியாகத்தான் பார்ப்பேன். எனக்கும் இது தேவையா?

தேவைதான், தங்கச்சி. 20 பாரின் சராசரி விலைக் கோடு 20 பாரை எண்ணும், நேரத்தை எண்ணாது. சுறுசுறுப்பான பங்கில் அது 100 நிமிடம். நாளுக்கு 23 பார் வரும் பங்கில் அது கிட்டத்தட்ட ஒரு முழு நாள். இரண்டு கோட்டுக்கும் ஒரே பெயர், ஆனால் பொருள் வேறு.

ஆரையம்பதி: அண்ணன், அன்றைக்குக் காட்டிய சார்ட் என்னுடையது. இரண்டு பங்குக்கும் இடையிலான விலை விகிதத்தைப் பார்த்து வாங்கி விற்க நினைக்கிறேன். எங்கே பிழை வரும்?

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகச் சொல்லவேண்டும். இதே வேலையில் நான் காசு இழந்தவன்.

சில வருடங்களுக்கு முன் என் நிரலில் இரண்டு பங்குகளிலும் கடைசிப் பாரிலிருந்து பின்னோக்கி எண்ணி, பத்தாவது பாரைப் பத்தாவது பாரால் வகுத்தேன். ஒன்றில் பத்தாவது பார் பிற்பகல் 1:40. மற்றதில் காலை 11:05. மதியத்துக்குப் பிந்திய விலையைக் காலை விலையால் வகுத்தால் வரும் விகிதம் சந்தையில் ஒரு நொடிகூட இருந்ததில்லை. பழைய தரவில் ஓட்டிப் பார்த்தபோது அழகான லாபம் காட்டியது. நம்பி இறங்கினேன், மூன்று மாதத்தில் கை சுட்டது. பள்ளிக்கூட வரவு இடாப்பில் வராத பிள்ளையின் கட்டத்தை வெறுமையாக விடாமல், அடுத்த பிள்ளையின் அடையாளத்தை அதில் போட்டால் கீழே உள்ள எல்லாப் பெயரும் பிழையாகும். நான் செய்தது அதுதான்.

ஆகவே முதல் வேலை, பார் இலக்கத்தை மறந்து நேரத்தால் பொருத்துவது. 1:40-க்கு இந்தப் பங்கின் விலை என்ன, அதே 1:40-க்கு அந்தப் பங்கின் கடைசியாகத் தெரிந்த விலை என்ன என்று கேட்கவேண்டும்.

அதோடு முடியவில்லை. அந்தக் கடைசியாகத் தெரிந்த விலை 11:05-இல் வந்தது என்றால் அதற்கு வயது இரண்டரை மணித்தியாலம். அந்த விலையில் இப்போது உனக்கு யாரும் விற்கப்போவதில்லை. நான் இப்போது சார்ட்டின் அடியில் ஒவ்வொரு பங்குக்கும் கடைசி வியாபாரம் நடந்து எத்தனை நிமிடம் என்று ஒரு கோடு வரைந்து வைத்திருக்கிறேன். 15 நிமிடத்தைத் தாண்டினால் விகிதம் என்ன சொன்னாலும் கை வைப்பதில்லை. இந்த 15 என் அளவு. உன் பங்கைப் பார்த்து நீ வேறு வைக்கலாம்.

இன்னொன்று. விகிதத்துக்கு முழுப் பார் வரையாதே. இதன் உச்சத்தை அதன் உச்சத்தால் வகுப்பது பிழை. இரண்டு உச்சமும் ஒரே கணத்தில் வந்திருக்காது. முடிவு விலையை மட்டும் எடுத்துக் கோடாக வரை.

கல்முனை: சேர், ட்ரேடிங்வியூ, மெட்டாட்ரேடர், அமிபுரோக்கர் என்ற மூன்று சார்ட் மென்பொருளும் இதை ஒரே மாதிரியா செய்கின்றன?

இல்லை. ட்ரேடிங்வியூவின் பைன் ஸ்கிரிப்ட்டில் வேறு பங்கின் தரவைக் கேட்கும் ரிக்வெஸ்ட் செக்யூரிட்டி கட்டளை, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் இடைவெளியைக் கடைசி விலையால் நிரப்பிவிடும். கேப்ஸ் ஆன் என்று மாற்றினால் அந்த இடம் வெறுமையாக வரும். பக்கத்திலேயே லுக்அஹெட் என்று ஒரு தெரிவு உண்டு. விளங்காமல் அதைத் திறந்துவிட்டால் பழைய தரவில் பின்னால் வரவேண்டிய விலை முந்திய பாருக்குள் வந்துவிடும். சோதனையில் லாபம் கொட்டும், எல்லாம் பொய்.

மெட்டாட்ரேடர் 5 எதையும் நிரப்பாது. டிக், அதாவது புதிய விலை, வராவிட்டால் பார் இல்லை. அதனால் இரண்டு குறியீட்டில் ஒரே இலக்கப் பார் ஒரே நேரத்தைக் குறிக்கும் என்று எண்ணக்கூடாது. ஐபார்ஷிஃப்ட் கட்டளைக்கு நேரத்தைக் கொடுத்து இலக்கத்தைக் கேளுங்கள். சரியாக அந்த நேரப் பார்தான் வேண்டும் என்று கேட்டால், இல்லாதபோது கழித்தல் ஒன்று என்று பதில் வரும். நான் அதைத்தான் விரும்புகிறேன், இல்லாததை இல்லை என்று சொல்கிறதே.

அமிபுரோக்கரில் ஃபாரின் கட்டளையில் ஃபிக்ஸப் என்ற தெரிவு நிரப்புவதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கும். முழுப் பட்டியலையும் ஒரே நேரத்தில் சோதிப்பவர்கள், அலசல் அமைப்பில் உள்ள பேட் அண்ட் அலைன் தெரிவில் சந்தையின் விலைச் சுட்டெண்ணை அடிப்படையாகக் கொடுங்கள். எல்லாப் பங்கும் அதன் நாள்காட்டிக்கு வந்துவிடும்.

மல்டிசார்ட்ஸ் பாவிக்கிறவர்களுக்கு ஒரு வரி: அதிக பார் உள்ள தரவை முதலாவதாக வையுங்கள்.

செங்கலடி (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்): தம்பி, முன்விலையால் நிரப்புவதும் ஒரு அனுமானம்தானே. அது கணக்கை எப்படிக் கெடுக்கும்?

சேர், நல்ல இடத்தில் பிடித்தீர்கள். நிரப்பிய ஒவ்வொரு பாரிலும் விலை மாற்றம் சுழியம். பிறகு ஒரு வியாபாரம் நடக்கும்போது சேர்ந்துகிடந்த மாற்றம் முழுவதும் ஒரே பாரில் விழும். அதனால் இரண்டு பங்கும் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்று காட்டும் இணைவுக் குணகம் உண்மையைவிடக் குறைவாக வரும். நேரத்தைச் சிறிதாக்க ஆக்க இணைவு குறைவதை 1979-இல் எப்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். இன்றும் அதை எப்ஸ் விளைவு என்றுதான் சொல்கிறார்கள். ஒரே நேரத்தில் வியாபாரமாகாத பங்குகளின் பீட்டாவை, அதாவது சந்தை அசையும்போது பங்கு எவ்வளவு அசைகிறது என்ற அளவை, திருத்துவதற்கு 1977-இல் ஷோல்ஸும் வில்லியம்ஸும், 1979-இல் டிம்சனும் வழி சொன்னார்கள். நாளுக்கு 23 பார் வரும் பங்குக்கு ஐந்து நிமிட இணைவு பார்ப்பதில் பயனில்லை. நாள் முடிவு விலையை, முடிந்தால் கிழமை முடிவு விலையை எடுப்பேன்.

நிரப்பிய பார்கள் தட்டையாக நீளும்போது, விலையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் பொலிஞ்சர் பட்டைகள் ஒடுங்கும். பெரிய அசைவு வரப்போகிறது என்று சிலர் அதை வாசிப்பார்கள், உண்மையில் யாரும் வாங்கவில்லை. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையில் விலை எங்கே நிற்கிறது என்று காட்டும் ஸ்டொகாஸ்டிக்கில் உச்சமும் தாழ்வும் ஒன்றாகிச் சுழியத்தால் வகுக்கும் நிலையே வரும்.

நிரப்பத்தான் வேண்டும் என்றால் திறப்பு, உச்சம், தாழ்வு, முடிவு நான்கும் முந்திய முடிவு விலையாக இருக்கட்டும். கைமாறிய பங்குகளின் தொகை சுழியம். முந்திய பாரை அப்படியே பிரதி எடுத்தால் நடக்காத வியாபாரத்தை எழுதியதாகிவிடும்.

அக்கரைப்பற்று: இந்திய நிஃப்டியையும் அமெரிக்கச் சுட்டெண்ணையும் நம் சுட்டெண்ணோடு வைத்துப் பார்க்கலாமா?

நாள் பாரில் பார்க்கலாம், லீவு நாளைக் கவனித்தால். போயா எனும் பௌர்ணமி லீவுக்கு நாம் மூடுவோம், மும்பை திறந்திருக்கும். விநாயகர் சதுர்த்திக்கு அவர்கள் மூடுவார்கள், நாம் திறந்திருப்போம்.

ஐந்து நிமிடப் பாரில் சிரமம். மும்பை 9:15 முதல் 3:30 வரை, 75 பார். நமக்கு 60. நேர வலயம் ஒன்றே என்பதால் இரண்டும் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம். நியூயோர்க் திறக்கும்போது நமக்குக் கோடையில் இரவு 7 மணி, குளிர்காலத்தில் 8 மணி. ஒரே நேரத்தில் இரண்டும் திறந்திருப்பதே இல்லை. அங்கே நேற்றிரவு முடிந்த விலையை இங்கே இன்று காலையோடு பொருத்துங்கள். ஒரே திகதி என்று பொருத்தினால் நமக்கு இன்னும் தெரியாத விலையைப் பாவித்ததாகும்.

பழைய தரவு வைத்திருப்பவர்களுக்கு நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 1996-இல் கடிகாரத்தை முன்னே தள்ளினோம், 2006 ஏப்ரலில்தான் கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் என்ற பழைய நேரத்துக்கு மீண்டும் வந்தோம். இடைப்பட்ட வருடங்களில் இந்திய நேரமும் நம் நேரமும் ஒன்றல்ல.

ஏறாவூர்: வியாபாரம் நடக்காததா, இல்லை எனக்குத் தரவு வராமல் போனதா என்று எப்படிப் பிரித்தறிவது?

முதலில் சுட்டெண்ணைப் பாருங்கள். அதே நேரத்தில் சுட்டெண்ணுக்குப் பார் இருந்தால் சந்தை திறந்திருந்தது. பிறகு அந்த நாளின் எல்லாச் சிறு பார்களின் தொகையையும் கூட்டி, நாள் பாரில் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் ஒன்றும் தவறவில்லை, வியாபாரமே இல்லை. குறைந்தால் உங்கள் இணைப்பிலோ தரவு தருபவரிடமோ ஓட்டை. குரொசிங் எனப்படும் பெரிய கைமாற்றங்கள் நாள் தொகையில் சேர்ந்திருந்தாலும் வித்தியாசம் வரும், அதைக் கழித்துப் பாருங்கள்.

சுட்டெண்ணுக்கும் பார் இல்லையென்றால் நிறுத்தம் அல்லது மூடல். கொழும்பின் 20 பெரிய பங்குகளுக்கான சுட்டெண்ணான எஸ் அண்ட் பி எஸ்எல்20 ஒரே நாளில் 5 வீதம் விழுந்தால் அரை மணி நேரம் வியாபாரம் நிற்கும். 2020 மார்ச் பிற்பகுதியிலிருந்து மே 11 திறக்கும் வரை சந்தை மூடிக்கிடந்தது. 2022 ஏப்ரல் 18 முதல் ஒரு கிழமை மூடி 25-இல் திறந்தபோது, அன்றே சரிவினால் வியாபாரத்தை நிறுத்தினார்கள். இந்த நாள்களை நிரப்பவே கூடாது. சார்ட்டில் கோடு போட்டு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

அம்பாறை: எல்லாவற்றையும் நேரத்தால்தான் பொருத்தினேன். ஆனாலும் ஒரு பார் தள்ளி நிற்கிறது.

நேர முத்திரை. ட்ரேடிங்வியூவும் மெட்டாட்ரேடரும் பாருக்கு அது தொடங்கும் நேரத்தை இடுகின்றன. மல்டிசார்ட்ஸும் நிஞ்சாட்ரேடரும் முடியும் நேரத்தை இடுகின்றன. ஒன்றில் 9:30, மற்றதில் 9:35, பார் ஒன்றே. ஒன்றை ஐந்து நிமிடம் நகர்த்துங்கள்.

வந்தாறுமூலை (கம்பஸ் மாணவி): அண்ணா, பைதனில் பாண்டாஸ் வைத்துச் செய்கிறேன். எது சரியான வழி?

இரண்டு தரவைக் கிட்டிய நேரத்தால் பொருத்தும் மெர்ஜ் ஏஸ்ஆஃப் கட்டளை, தங்கச்சி. ஒன்றும் சொல்லாவிட்டால் பின்னோக்கித்தான் தேடும், அதுவே வேண்டும். டொலரன்ஸ் என்பதில் 15 நிமிடம் கொடு. அதைவிடப் பழைய விலை வெறுமையாக வரும். முந்திய விலையால் நிரப்பும் எஃப்ஃபில் பாவித்தால் லிமிட் போடு, ஒவ்வொரு நாளுக்கும் தனியாகச் செய், நேற்றைய விலை இன்றைக்கு ஓடி வராது. பிஃபில் பக்கம் போகாதே, அது பிந்திய விலையை முன்னுக்கு எழுதும். நிரப்ப முன் எது உண்மையான பார், எது நிரப்பியது என்று தனி நெடுவரிசையில் குறித்து வை. பிறகு பிரிக்கவே முடியாது. அந்தக் கோப்பை அடுத்த முறை கல்லடிக்குக் கொண்டு வா, எத்தனை வீதம் நிரப்பியது என்று சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.