நீலச்சிறகியின் நீலம்

அன்புள்ள ஐயா,

நீர்ப்பறவைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த ஆசையில்தான் கேமராவும் 150-600 மி.மீ. லென்ஸும் வாங்கினேன். நவம்பர் கடைசி ஞாயிறு நண்பருடன் வடுவூர் ஏரிக்குப் போனேன். நீலச்சிறகி வாத்துகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆனால் புருவத்தில் வெள்ளைக்கோடு போட்ட ஆண் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பழுப்புப் பெட்டைகள். ரொம்பத் தூரமாகவும் இருந்தன. நண்பர் கைதட்டிக் கிளப்பிவிட்டார். அந்த ஐந்து நிமிடத்தில் 400 படம் எடுத்தேன், ஒன்றும் தேறவில்லை. நான்கை மட்டும் இணைத்திருக்கிறேன். ஆண் பறவைகள் நம் பக்கம் வருவதில்லையா? எங்கே போனால் கிடைக்கும்?

செ.

அன்புள்ள செ.,

வருகின்றன. நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்திலேயே இரண்டு இருக்கின்றன. இடது ஓரத்தில் சிறகை மேலே தூக்கியிருக்கும் பறவையைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிறகின் முன்பகுதி வெளிறிய நீலச்சாம்பல் நிறத்தில் தெரியும். அது ஆண். பெட்டைக்கு அந்த இடம் மங்கிய சாம்பல் பழுப்பு. நீலச்சிறகி என்று பெயர் வைத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை, சிறகைத்தான் பார்த்திருக்கிறார். நாம்தான் புருவக்கோட்டையே தேடிக்கொண்டிருக்கிறோம்.

விஷயம் இதுதான். வடக்கே குஞ்சு பொரிக்கும் காலம் முடியும்போது ஆண் வாத்துகள் பளிச்சென்ற இறகுகளை உதிர்த்துவிட்டு, பெட்டையைப் போன்ற பழுப்புக்கு மாறிவிடும். அதை ஒட்டியே சிறகில் பறக்க உதவும் இறகுகளும் மொத்தமாக விழும். காக்கைக்கும் மைனாவுக்கும் ஒன்றிரண்டாக விழுந்து முளைப்பதால் பறப்பது நிற்பதில்லை. வாத்துக்கு எல்லாம் ஒரே சமயத்தில். சில வாரங்களுக்குப் பறக்கவே முடியாது. அந்த நிலையில் அலங்காரத்தோடு திரிந்தால் நரிக்கும் பருந்துக்கும் விருந்துதான். அதனால் இந்த மங்கல் உடை. சிறகு முளைத்ததும் கிளம்பி வந்துவிடும், ஆனால் உடையை மாற்ற அவசரப்படாது. ஊசிவால் வாத்தில் டிசம்பர் வாக்கில் ஆண்கள் தெளிவாகத் தெரிய ஆரம்பித்துவிடும். நீலச்சிறகி இதில் சரியான சோம்பேறி. பல ஆண்களுக்கு அந்த வெள்ளைப் புருவம் முழுதாக வரப் பிப்ரவரி ஆகிவிடும். ஆகவே வேறு ஏரி தேட வேண்டாம், அதே ஏரிக்கு வேறு மாதத்தில் போங்கள்.

முதல் இரண்டு வருடம் நானும் இதே தப்பைச் செய்தேன். நவம்பர் படங்களையெல்லாம் "பெட்டை" என்று அழித்துக்கொண்டே வந்தேன். எத்தனை ஆண்களை அப்படிக் குப்பையில் போட்டேனோ.

அப்புறம் அந்தக் கைதட்டல். நண்பரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் இனிமேல் தட்ட விடாதீர்கள். பகலில் ஏரி நடுவில் கூட்டமாக மிதக்கும் வாத்துகள் சும்மா இருப்பதாக நமக்குத் தோன்றும். அவை இரவெல்லாம் வயல்களிலும் குட்டைகளிலும் மேய்ந்துவிட்டு வந்து தூங்குகின்றன. தூக்கம் என்றால் முழுத் தூக்கம்கூட இல்லை. மல்லார்ட் என்ற வாத்தை வைத்து ஆராய்ந்தவர்கள், வரிசையின் ஓரத்தில் இருக்கும் பறவை வெளிப்பக்கத்துக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்க விடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். நம் ஊர் இரவுக் காவலாளியைவிட நேர்மை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போகக் கொழுப்பும் சேர்க்க வேண்டிய பறவை அது. ஒரு படத்துக்காக அதை நான்கு சுற்று பறக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்ததே கிளப்பிவிட்ட படத்தில்தான் என்று நீங்கள் மடக்கலாம். உண்மைதான். ஆனால் கைதட்டாமலும் சிறகைப் பார்க்கலாம். தூங்கி எழுந்ததும் வாத்து ஒரு பக்கச் சிறகையும் காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறிக்கும். குளித்து முடித்தால் தண்ணீரில் நிமிர்ந்து இரண்டு சிறகையும் உதறும். நீலம் அப்போது நன்றாகத் தெரியும். பறக்கும் படம்தான் வேண்டுமென்றால் சேற்றுப் பூனைப்பருந்து வரும்வரை பொறுங்கள். அது ஏரிமேல் தாழப் பறந்தால் மொத்தக் கூட்டமும் தானே கிளம்பும்.

தூரத்துக்கு வருகிறேன். 600 போதாது என்று 800 வாங்கினாலும், ஒன்பது மணி வெயிலில் தண்ணீர்மேல் எழும் கானல் படத்தைக் குழப்பிவிடும். லென்ஸ் பெரிதாகப் பெரிதாகக் கானலும் பெரிதாகத்தான் தெரியும். விடியும் முன்பே போய், சூரியன் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி கரையில் உட்கார்ந்துவிடுங்கள். உட்காருங்கள் என்றுதான் சொல்கிறேன். நின்றால் படம் மேலிருந்து எடுத்ததுபோல் இருக்கும், பறவையும் மிரளும். முக்காலி வேண்டாம், துணிப்பையில் பாதி அளவு அரிசி போட்டு லென்ஸுக்குக் கீழே வையுங்கள். முதல் அரைமணி நேரம் கேமராவைத் தொடாமல் இருக்க முடிந்தால் நல்லது. என்னால் பத்து நிமிடத்துக்கு மேல் முடிவதில்லை. தூங்கிக்கொண்டிருந்த கழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே அசையாமல் இருங்கள், இல்லை மெதுவாகப் பின்வாங்குங்கள்.

வாத்தில் ஆண் பெண் தேடும் வேலையே வேண்டாம் என்றால் புள்ளிமூக்கு வாத்தையோ சீழ்க்கைச் சிறகியையோ எடுங்கள். இரண்டிலும் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான், வருடம் முழுக்க ஒரே சட்டை.

பிப்ரவரியில் வடுவூர் போகும்போது தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ஊரில் விசாரித்துவிட்டுப் போங்கள். அது பாசன ஏரி, வற்ற ஆரம்பித்தால் கூட்டம் இடம் மாறிவிடும். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். ஆண் நீலச்சிறகியின் குரல் வாத்துக் குரல் மாதிரியே இருக்காது, சீப்பின் பற்களை நகத்தால் வருடினால் வரும் சத்தம்.

உங்கள் நான்காவது படத்தில் இருப்பது நீலச்சிறகி இல்லை, தட்டைவாயன் என்ற வேறு வாத்தின் பெட்டை. அலகைப் பாருங்கள், அகப்பை மாதிரி இருக்கிறது.