பழைய டிரையம்ஃப் பானவில்: பளபளப்புக்கு முன் எண்ணைப் பாருங்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். 1970-ஆம் ஆண்டின் டிரையம்ஃப் பானவில் மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கென்டில் தனிநபர் ஒருவர் விற்கிறார். அண்மையில் பெயின்ட் அடித்து, குரோமியப் பூச்சையும் புதுப்பித்து வைத்திருக்கிறார். பதிவு ஆவணமான வி5சி கையில் இருக்கிறது. நேரில் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பெயின்ட்டையும் குரோமியத்தையும் கடைசியில் பாருங்கள். என்ஜினின் இடப்பக்கத்தில், சிலிண்டருக்குச் சற்றுக் கீழே பதித்திருக்கும் எண்ணும், ஹேண்டில்பார் சுழலும் கழுத்துப் பகுதியின் இடப்பக்கத்தில் ஃபிரேமில் பதித்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வி5சி-யிலும் அதே எண்ணே இருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது, தயாரித்த மாதத்தையும் இரண்டாவது, மாடல் ஆண்டையும் குறிக்கும். 1970 மாடல் என்றால் இரண்டாவது எழுத்து ‘டி’ (D).

இதில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், அதே 649 சிசி என்ஜினில் ஒற்றைக் கார்புரேட்டருடன் டி.ஆர்.6 (TR6) என்ற மாடலையும் டிரையம்ஃப்பின் மெரிடன் ஆலை தயாரித்தது. இரட்டைக் கார்புரேட்டர் கொண்ட பானவில்லுக்கு மதிப்பு அதிகம் என்பதால், டி.ஆர்.6 வண்டியின் சிலிண்டர் ஹெட்டை மாற்றி, பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு, பானவில்லின் குறியீடான ‘டி120’ (T120) என்று புதிதாக அடித்து விற்பவர்கள் உண்டு. நீங்கள் பார்க்கும் ஆண்டின் வண்டிகளில் எண் பதிக்கும் இடத்தில் டிரையம்ஃப் சின்னம் சிறு சிறு புடைப்புகளாக நிறைந்திருக்கும். தேய்த்தால் அவையும் அழிந்துபோகும். ஆகவே எண்ணின் பின்னணி மழமழவென்று இருந்தால், விற்பவர் என்ன விளக்கம் சொன்னாலும் பானவில்லுக்குரிய விலையைக் கொடுக்காதீர்கள்.

வி5சி பற்றியும் ஒரு சொல். அது வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, உரிமையாளர் யார் என்பதற்குச் சான்றாகாது. ஆவணத்திலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். விற்பவர் வண்டியை வாங்கியபோது பெற்ற ரசீதைக் கேளுங்கள். பானவில்கள் பெருமளவில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகி, அவற்றில் பல பின்னாளில் திரும்பி வந்தன என்பதால், இறக்குமதி வண்டி என்பது குறையல்ல. ஆனால் திரும்பி வந்து இங்கே இன்னும் பதிவாகாத வண்டி என்றால், சுங்கத் துறைக்கு இறக்குமதியைத் தெரிவித்த ஆவணமும், தயாரிப்பு ஆண்டை உறுதிசெய்யும் சான்றிதழும் இல்லாமல் வாங்க வேண்டாம்.

என்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் குளிர்ந்த என்ஜினை உதைத்துக் கிளப்பும்போதுதான் அதன் குணம் தெரியும். வாரக்கணக்கில் நின்ற வண்டியில், ஆயில் தொட்டியிலிருந்து பம்பின் வால்வு வழியாக ஆயில் கசிந்து என்ஜினுக்குள் இறங்கியிருக்கும். கிளப்பியதும் சிறிது நேரம் புகை தள்ளினால் அதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள்: திரும்பி வரும் ஆயில் காற்றுக் குமிழிகளோடு விட்டு விட்டுப் பீய்ச்சினால் பம்ப் சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.

கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு. இந்த என்ஜினில் இன்றைய வண்டிகளில் உள்ளதுபோன்ற ஆயில் ஃபில்டர் கிடையாது, கம்பிவலைச் சல்லடைதான். அதைத் தாண்டிச் செல்லும் நுண்துகள்கள், என்ஜினின் சுழல் தண்டான கிரேங்க் சுழலும் வேகத்தில் அதற்குள் இருக்கும் ஒரு குழாயில் ஒதுங்கிச் சேறாக இறுகுகின்றன. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் கனெக்டிங் ராடின் பேரிங்குகளுக்கு ஆயில் போகாது, என்ஜின் சிதையும். சுத்தம் செய்ய என்ஜினை முழுவதுமாகப் பிரிக்க வேண்டும் என்பதால், மேற்பூச்சுக்குச் செலவழித்த பலர் இதைத் தொடாமல் விட்டிருப்பார்கள். செய்ததற்கு பில் இல்லையென்றால், செய்யவில்லை என்றே கொண்டு விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

கேள்வி: தனிநபரிடம் வாங்குவதா, கடையில் வாங்குவதா? பின்னால் கோளாறு தெரியவந்தால் எனக்கு என்ன பாதுகாப்பு?

பதில்: வணிகரிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும், வாங்கிய நாளிலேயே குறை இருந்திருந்தால் 30 நாட்களுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். 50 ஆண்டு கடந்த வண்டிக்குரிய தேய்மானத்தைக் குறையென்று வாதிட முடியாது. தனிநபர் விற்பனையில் பெரும்பாலும் அவர் சொன்ன விவரம் பொய்யாக இருந்தால்தான் வழக்காட இடமுண்டு. எனவே, எண்கள் ஒத்தவை, என்ஜின் இன்ன தேதியில் பிரித்துச் சரிசெய்தது என்று அவர் வாயால் சொல்வதை எழுத்திலும் வாங்குங்கள். கடையில் முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வண்டியின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை இருந்தால், முழு விலைக்கும் கார்டு நிறுவனம் கூட்டுப் பொறுப்பேற்கும்.

40 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு, சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை. ஆனாலும், விற்பவர் சம்மதித்தால் வாங்கும் முன் ஒரு சோதனைக்கு விடுங்கள். மோட்டார் சைக்கிளுக்கு உச்சக் கட்டணம் 29.65 பவுண்டு, பிரேக், சக்கரம், ஸ்டியரிங் பற்றி, விற்பவரின் நண்பரல்லாத ஒருவரின் கருத்து இந்த விலைக்குக் கிடைப்பது மலிவுதான்.

கேள்வி: வாங்கிவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். பராமரிப்பை நானே செய்ய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். மில்லிமீட்டர் ஸ்பேனர்களை மட்டும் வைத்துத் தொடங்காதீர்கள். அவை போல்ட்டின் முனைகளைச் சிதைத்துவிடும். மெரிடன் ஆலை, போல்ட், நட்டுகளில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவுகளிலிருந்து யு.என்.எஃப். என்ற அங்குல அளவு வகைக்குப் படிப்படியாக மாறிக்கொண்டிருந்த காலத்து வண்டி இது என்பதால், இரண்டு வகைக்குமான ஸ்பேனர்களும் வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் ஃபிரேமோடு இணைந்திருக்கும். பழக்கத்தில் மாற்றி இணைத்தால், எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திய வண்டியில் அது எரிந்துபோகலாம். ராத்திரி முழுதும் நின்ற வண்டியில் கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும், ஆகவே கிளப்பும் முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இரண்டு முறை மிதித்து அவற்றைப் பிரித்துவிடுங்கள். கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். ஊரில் பழைய புல்லட் ஓட்டியவர் என்றால் உங்களுக்கு இது புதிதல்ல.

பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த இ10. அது பழைய ரப்பர் குழாய்களையும், தொட்டியின் உட்புறம் பூசிய சில பழைய பூச்சுகளையும் கரைத்து, கார்புரேட்டரை அடைக்கும். விலை கூடினாலும் இ5 வகை சூப்பர் பெட்ரோலையே போடுங்கள். குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தி வைக்கும் முன் கார்புரேட்டரில் மிஞ்சியிருப்பதை வடித்துவிடுங்கள்.